அத்தியாயம் 4: கேட்டு வந்ததும் கேட்காமல் வந்ததும்

ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம், திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். இன்பாக்ஸைத் திறந்தால் ஞாயிறு முழுக்கச் சேர்ந்த மெயில்கள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்பிங் லைனிலிருந்து நான்கு அரைவல் நோட்டீஸ். ஐஸ்கேட்டிலிருந்து பில் ஆஃப் என்ட்ரிக்கான பதில். மும்பை ஃபார்வர்டர் ஒருவர் வாராவாரம் அனுப்பும் ரேட் சர்க்குலர். ‘ஐந்தே நாளில் ஐஎஸ்ஓ சான்றிதழ்.’ கிரேன் உதிரிபாகம் விற்கும் சீன நிறுவனம். வங்கியின் கிரெடிட் கார்டு அழைப்பு. ஐஇசி எண் முடங்கப்போகிறது என்று மிரட்டும் ஒன்று. நந்தம்பாக்கம் வர்த்தக மையக் கண்காட்சியில் நீங்களே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அமைப்பின் மாதமடல். காட்டுப்பள்ளி வழியாக இரண்டு நாற்பதடிப் பெட்டி அனுப்ப என்ன ஆகும் என்று திருப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கேட்டு எழுதியது. கடைசியாக, உங்கள் பார்ட்டிக்கு வழக்கமாகச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டு சப்ளையரிடமிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த முறை புதிய கணக்கில் செலுத்தவும்’ என்று இரண்டு வரி.

இதில் எதெல்லாம் ஸ்பேம் என்று அந்த அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டாக்குமென்டேஷன் பார்க்கும் பையனுக்கு, தன் வேலைக்கு உதவாதது எல்லாமே ஸ்பேம். முதலாளிக்கு, பணம் பறிக்க வருவது மட்டும்தான் ஸ்பேம். மற்றதெல்லாம் பிசினஸில் சகஜம். இருவர் சொல்வதும் சரியில்லை. அந்தக் குழப்பத்துக்குத் துறைமுகத் தொழிலில் ரொக்கமாகவே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன பட்டியலில் மிக ஆபத்தான கடிதம், கறாராகப் பார்த்தால், ஸ்பேமே அல்ல. அது ஏன் என்று பார்ப்பதற்கு முன் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு கேள்விகள்

1998-இல் தொடங்கப்பட்டு, ஸ்பேம் அனுப்புகிறவர்களின் தடைப்பட்டியலைப் பராமரித்து வரும் ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் எளியது. ஒன்று: இதை நான் கேட்டேனா, அனுப்பச் சம்மதித்தேனா? இரண்டு: இதே கடிதம் எனக்குப் பதில் வேறு ஆயிரம் பேருக்குப் போயிருந்தாலும் ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்துமா? முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஸ்பேம். கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைக் கொண்டு பட்டியலை மறுபடி பாருங்கள். திருப்பூர்க்காரர் உங்களைக் கேட்காமல்தான் எழுதினார். ஆனால் உங்களுக்கென்று, உங்கள் துறைமுகத்தைச் சொல்லி, இரண்டு பெட்டிக்கு விலை கேட்டு எழுதினார். அது வியாபாரம்; புது பார்ட்டி வருவதே அப்படித்தான். கண்காட்சி அமைப்பின் மாதமடலை நீங்கள் ஒருநாளும் திறந்து படிப்பதில்லை, இருந்தும் அது ஸ்பேம் ஆகாது. கையெழுத்துப் போட்டுப் பெயர் கொடுத்தது நீங்கள்தான். வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் இணைப்பு அடியில் இருக்கிறது. மும்பை ஃபார்வர்டரின் ரேட் சர்க்குலரோ மரியாதையாக எழுதப்பட்டது, பொய் எதுவும் இல்லை, சில வாரங்களில் உங்களுக்கு உபயோகமாகக்கூட இருக்கும். ஏதோ ஒரு டைரக்டரியிலிருந்து எடுத்த மூவாயிரம் முகவரிகளுக்குச் சேர்த்து அனுப்பியதென்றால், அது ஸ்பேம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு ஊருக்கெல்லாம் போகும் மெயிலும் அப்படியே. நோக்கம் நல்லது என்பதால் கணக்கு மாறாது.

வங்கியின் கிரெடிட் கார்டு அழைப்பு இழுபறியான கேஸ். கணக்குத் தொடங்கும்போது பதினாறு பக்கப் படிவத்தில் எங்கோ ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். வங்கி அதைச் சம்மதம் என்கிறது. என் கருத்தில், படிக்கவே முடியாத எழுத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமல்ல. ஆனாலும் இதை ஸ்பேம் என்று குறிப்பதைவிட வங்கியின் தளத்தில் விளம்பர மெயிலை நிறுத்திவிடுவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

உள்ளடக்கத்தை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்பதற்கு முதல் ஸ்பேமே சாட்சி. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் அன்று இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தங்கள் புதிய கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்படி அழைப்பு அனுப்பினார். நிறுவனம் உண்மை, சரக்கு உண்மை, கலிஃபோர்னியாவில் நடக்கவிருந்த நிகழ்ச்சியும் உண்மை. இருந்தும் கண்டனம் குவிந்தது. அந்தக் கடிதத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. பெறுநர் முகவரிகள் தலைப்புப் பகுதியில் கொள்ளாமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே இறங்கிவிட்டன. பலருக்கு விஷயத்தைவிட முகவரிப் பட்டியலே பெரிதாகத் தெரிந்தது. இன்றும் நம் பக்கத்து அலுவலகங்களிலிருந்து ‘சிசி’யில் இருநூறு பேரைப் போட்டு வரும் ஆயுத பூஜை வாழ்த்தைப் பார்க்கும்போது துவர்க்கின் நினைவு வரும். ஒருவருடைய பார்ட்டி லிஸ்ட்டை ஊருக்கே இலவசமாகக் கொடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

முகவரி எப்படி வெளியே போகிறது என்று கேட்பவர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பத்து நிமிடம் நின்று டிரெய்லர்களைப் பார்க்கலாம். கேபின் கதவிலேயே ஜிமெயில் முகவரி. அது போதாதென்று விசிட்டிங் கார்டு, வர்த்தக டைரக்டரி, பொருள் விற்கும் தளங்கள், கம்பெனி பதிவு விவரங்கள். இதையெல்லாம் மறைத்துத் தொழில் நடத்த முடியாது. ஸ்பேமைத் தடுக்க முகவரியை ஒளித்துவைப்பது நமக்கு ஒத்துவராத யோசனை.

பட்டனை அழுத்துவதற்கு முன்

வேண்டாத மெயிலை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. நம் அலுவலகங்களில் மூன்றும் ஒன்றுதான் என்ற நினைப்பு. டெலீட் செய்தால் அந்தக் கடிதம் மட்டும் போகும். விலகிக்கொண்டால் அனுப்புகிறவர் நிறுத்த வேண்டும். ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அழுத்தினால், இனி இந்த மாதிரிக் கடிதங்களை உள்ளே விடாதே என்று மெயில் நிறுவனத்துக்குச் சொல்கிறீர்கள். மூன்றாவது, மற்ற இரண்டையும்விடக் கனமான வேலை.

ஒரே மெயில் ஐடியை ஐந்து பேர் பயன்படுத்தும் அலுவலகத்தில் அதன் கனம் இன்னும் கூடும். பாஸ்வேர்டு சுவர்க் காலண்டரில் எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் பார்க்கிறான். ஒரே லைனிலிருந்து தினமும் நாலைந்து மெயில், எல்லாம் ஒரே அச்சில். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, உள்ளே ஒரு பிடிஎஃப். அவனுக்கு அது விளம்பரமாகத் தெரிகிறது. இரண்டு நாள் ஸ்பேம் அழுத்துகிறான். மூன்றாம் நாளிலிருந்து அவை இன்பாக்ஸுக்கே வருவதில்லை. அடுத்த வாரம் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“இன்னாண்ணே, மும்பை பார்ட்டியோட பெட்டிக்கு அரைவல் நோட்டீஸே வரலியே?”

“லைன்ல அப்பவே அனுப்பிட்டோம்ன்றாங்கப்பா. ஸ்பேம்ல பாத்தியா?”

“அதுல இன்னாண்ணே இருக்கப் போவுது.”

அதில் இருப்பது காசு. கஸ்டம்ஸ் சட்டப்படி, பொதுவாகக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும்; விடுமுறை நாளும் கணக்கில் உண்டு. சில அண்டை நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் தளர்வு இருக்கிறது. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இதற்கு மேல், லைன் கொடுத்த ஃப்ரீ டேஸ் தீர்ந்தால் டிடென்ஷன், சிஎஃப்எஸ்ஸில் கிடந்தால் அதற்குரிய வாடகை. ஸ்பேம் ஃபோல்டரில் நாலு நாள் தூங்கிய ஒரு நோட்டீஸ், அந்தப் பையனின் மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். நம் பகுதியில் ஸ்பேமால் வரும் நஷ்டத்தில் இந்த வகையைத்தான் நான் முதலில் வைப்பேன். குப்பை உள்ளே வருவதில் போவது நேரம்தான். தேவையான கடிதம் குப்பைக்குள் போவதில் அபராதம் ஏறுகிறது.

எனவே இரண்டு பழக்கங்கள். காலையில் ஒரு முறை, மாலை மூடுவதற்கு முன் ஒரு முறை ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஜிமெயிலில் அங்கே போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்தது, நீங்கள் வேலை செய்யும் லைன்கள், சிஎஃப்எஸ்கள், ஐஸ்கேட், ஜிஎஸ்டி, வங்கி ஆகியவற்றின் முகவரிகளுக்கு ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் ஒன்று போட்டு, ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

விலகும் இணைப்பை எப்போது அழுத்தலாம்? அனுப்பியவர் யார் என்று தெரிந்து, ஒரு காலத்தில் நீங்களே முகவரி கொடுத்திருந்தால் தாராளமாக அழுத்துங்கள். யாரென்றே தெரியாத இடத்திலிருந்து வந்ததில் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கிறார்’ என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அப்படிப்பட்டதற்குத்தான் ஸ்பேம் பட்டன். பணம் அல்லது பாஸ்வேர்டு பறிக்க வந்தது என்று தெரிந்தால், மூன்று புள்ளி மெனுவில் ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ தனியாக இருக்கிறது.

ஃபில்டர் எப்படி முடிவெடுக்கிறது

கஸ்டம்ஸில் ஆர்எம்எஸ் எப்படி வேலை செய்கிறது என்பது கிளியரிங் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. இறக்குமதியாளர் யார், எந்த நாட்டுச் சரக்கு, முன்வரலாறு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுச் சிலவற்றைச் சோதனைக்கு எடுக்கிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. ஸ்பேம் ஃபில்டரும் அதே புத்திதான். உங்கள் சம்மதத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது, ஊகம் தவறும்.

ஆரம்ப காலத்தில் குறிப்பிட்ட சொற்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலர் எழுதிய ஒரு கட்டுரை, ஒவ்வொரு பயனரின் நல்ல மெயிலிலும் கெட்ட மெயிலிலும் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த விகிதத்திலிருந்து முடிவெடுக்கும் முறையைப் பரவலாக்கியது. இதன்படி, ‘டெமரேஜ்’ என்ற சொல் ஒரு பள்ளி ஆசிரியரின் மெயிலில் சந்தேகத்துக்குரியது. உங்கள் மெயிலில் அன்றாடம். இன்று இதனுடன் அனுப்புகிறவரின் பெயரும் சேர்ந்துகொண்டது. எந்தச் சர்வரிலிருந்து வருகிறது, அந்த டொமைனை எத்தனை பேர் ஸ்பேம் என்று குறித்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

கூடவே மூன்று முத்திரைகள். எஸ்பிஎஃப் என்பது, தன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று டொமைன் உரிமையாளர் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம், கடிதத்தோடு வரும் கணினிக் கையெழுத்து. டிமார்க், இவை பொருந்தாவிட்டால் அந்தக் கடிதத்தை என்ன செய்யலாம் என்ற உத்தரவு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றைக் கட்டாயமாக்கியது. எல்லா அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் இதே வழியில் வந்தது. உங்கள் கொட்டேஷன் பார்ட்டியின் ஸ்பேமில் விழுகிறது என்றால் முதலில் இங்கேதான் பாருங்கள். கம்பெனி டொமைனை வாங்கிக் கொடுத்தவர் எஸ்பிஎஃப் போடாமலே போயிருப்பார்.

வந்த கடிதத்தில் இந்த முத்திரைகளைப் பார்க்க, ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்தினால் மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று காட்டும். ‘பாஸ்’ என்பதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். கடிதம் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த டொமைன் நீங்கள் நினைக்கும் ஆளுடையதா என்று அதற்குத் தெரியாது.

ஸ்பேம் அல்லாத ஆபத்து

இப்போது, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எழுதிய அந்த சப்ளையருக்கு வருவோம். அந்தக் கடிதம் ஒரே ஒருவருக்கு எழுதப்பட்டது. அதில் உங்கள் இன்வாய்ஸ் எண் இருக்கிறது, பில் ஆஃப் லேடிங் எண் இருக்கிறது, நீங்கள் போன வாரம் எழுதிய வரிக்கு அடியிலேயே பதிலாக வந்திருக்கிறது. மொத்தமாகப் போகும் கடிதங்களைத் தேடும் ஃபில்டருக்கு இதில் பிடிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் ‘நம்ம ஜிமெயில்ல ஸ்பேமெல்லாம் தானா வடிகட்டிடும்’ என்று நம்பியிருப்பவர்கள் இதில் விழுகிறார்கள்.

கப்பல் தொழிலையே குறிவைத்த கும்பல் ஒன்றைப் பற்றி செக்யூர்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2018-இல் அறிக்கை வெளியிட்டது. நைஜீரியாவிலிருந்து இயங்கிய அந்தக் கும்பலுக்கு அவர்கள் வைத்த பெயர் கோல்டு கேலியன். 2017 ஜூன் முதல் 2018 ஜனவரி வரை, ஷிப்பிங் நிறுவனங்களிடமிருந்தும் அவற்றின் வாடிக்கையாளர்களிடமிருந்தும் குறைந்தது 39 லட்சம் டாலரைத் திருட முயன்றது என்பது அவர்கள் கணக்கு. வழி இதுதான்: பொய்யான இணைப்போடு ஒரு மெயில் அனுப்பி அலுவலக மெயிலின் பாஸ்வேர்டைப் பெறுவது, சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து பேரங்களைப் படிப்பது, பணம் கைமாறும் வேளையில் கணக்கு எண்ணை மாற்றிய இன்வாய்ஸை நுழைப்பது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மென்பொருளே போதுமாக இருந்தது.

இது நம் தொழிலுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்தால் காரணம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. சரக்கு ஒரு நாட்டில், பணம் இன்னொரு நாட்டில், லைன் மூன்றாவது நாட்டில். எல்லோருக்கும் எல்லாமே மெயில்தான். அங்கே விடியும்போது இங்கே மாலையாகியிருக்கும். பெட்டி யார்டில் கிடக்கிறது, ஃப்ரீ டேஸ் ஓடுகிறது, டிஓ வேண்டும். அவசரம் பொய்யாக உண்டாக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இருக்கிறது.

அடையாளம் காண்பது பெரும்பாலும் கண் வேலை. அனுப்பியவர் பெயரை நம்பாமல் முழு முகவரியைத் திறந்து, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டி வைத்தால் ‘எம்’ போலவே தெரியும். ‘மரைன்’, ‘மாரிடைம்’ என்று பெயரிலேயே எம் இருக்கும் கம்பெனிகள் நம் தொழிலில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தந்திரம் எவ்வளவு சுலபம் என்று புரியும். மொபைல் திரையில் வித்தியாசம் தெரியவே தெரியாது. எனவே பணம் சம்பந்தப்பட்ட மெயிலை மொபைலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில சமயம் முகவரியில் குற்றமே இருக்காது, சப்ளையரின் மெயிலே களவு போயிருக்கும். அப்போது கண்ணும் உதவாது.

இதற்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான், விலக்கு இல்லை: வங்கிக் கணக்கு மாற்றம் மெயிலில் வந்தால், பணம் போவதற்கு முன் ஃபோனில் பேசி உறுதி செய்ய வேண்டும். எண்ணை அந்த மெயிலில் இருந்து எடுக்கக் கூடாது. பழைய ஃபைலில், முதல் பேரத்தின்போது வந்த காகிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். ‘பெரிய பார்ட்டி, கேட்டால் தப்பாக நினைப்பார்’ என்ற கூச்சம் நம்மிடம் அதிகம். உண்மையான சப்ளையர் ஒருவரும் தன் பணம் சரியான இடத்துக்கு வருகிறதா என்று கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூடவே ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் ஃபில்டர் பட்டியலையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே புகுந்தவர்கள், இன்வாய்ஸ் என்ற சொல் வரும் கடிதமெல்லாம் தங்களுக்கு ஒரு பிரதி வரும்படி அங்கே விதி எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நின்றுகொண்டே இருக்கும். சுவர்க் காலண்டரில் இருக்கும் பாஸ்வேர்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பியதென்றால் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறும்படி ஸ்விஃப்ட் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண், பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் பணம் கணக்கிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

பாதி உண்மை பேசும் மெயில்கள்

மிரட்டல் வகையில் நம் பகுதிக்கு அதிகம் வருவது அரசு வேடம் போட்டது. ஐஇசி மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது சொல்வதில் பாதி உண்மை: ஐஇசி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் எண் முடக்கப்படலாம். சொல்லாமல் விடும் பாதி, அதை டிஜிஎஃப்டி தளத்தில் நீங்களே செய்யலாம், அந்த மாதங்களில் கட்டணம் இல்லை என்பது. மெயிலில் இருக்கும் இணைப்போ, அரசு முத்திரை போன்ற படம் வைத்த ஒரு தனியார் தளத்துக்கு அழைத்துப்போய் ஆயிரக்கணக்கில் ‘சேவைக் கட்டணம்’ கேட்கும். திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வரும் உத்யம் பதிவு மெயிலும் இதே சங்கதி. 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை.

கப்பல் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வரும் மெயில் இன்னும் கொடியது. ‘தேர்வாகிவிட்டீர்கள், விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முன்பணம் கட்டுங்கள்.’ கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்க அவருக்கு அனுமதி கிடையாது. உரிம எண்ணை இயக்ககத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் கேட்ட இடத்திலேயே விஷயம் முடிந்தது, மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

விளம்பர மெயிலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளும் 1909 என்ற புகார் எண்ணும் இருக்கின்றன. மெயில் அந்த வளையத்துக்குள் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை கொடுக்கவோ அனுப்பியவர் யார் என்று ஏமாற்றவோ அனுப்பப்படும் மின்னஞ்சலைக் குற்றமாக்கும் ஓர் உட்பிரிவு இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு ஸ்பேம் அனுப்பியவர்களைவிட முகநூலில் கருத்துச் சொன்னவர்கள் மீதுதான் பாய்ந்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ முழுவதையும் ரத்து செய்தபோது ஸ்பேம் பற்றிய வரியும் சேர்ந்தே போனது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. வெறும் ரேட் சர்க்குலருக்கு ஒன்றும் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை மையமாக வைக்கிறது. ஆனால் அது ஸ்பேமுக்கென்று எழுதப்பட்டதல்ல.

வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு சர்க்குலர் அனுப்புகிறீர்கள் என்றால் அவர்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முன்சம்மதம் கேட்பதில்லை. உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும், விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும் என்பதோடு விட்டுவிடுகிறது. ஸ்பேம்ஹாஸ் கணக்கில் ஸ்பேமான ஒரு கடிதம் அந்நாட்டில் சட்டப்படி சரியானதாக இருப்பது இப்படித்தான். 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கனடா சட்டம் நேர் எதிர்: முதலில் சம்மதம், பிறகுதான் மெயில், மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி கனடிய டாலர் வரை அபராதம். சிங்கப்பூரில் 2007 முதல் தனிச் சட்டம் உண்டு.

நீங்களே அனுப்பும்போது

இதை வாசிக்கும் டிரான்ஸ்போர்ட் அலுவலகமோ ஃபார்வர்டரோ, தானும் ஸ்பேம் அனுப்புகிறவர்தான் என்று ஒப்புக்கொள்வது கடினம். ‘நாங்க ரேட்தான் சார் அனுப்புறோம்’ என்பார்கள். மும்பைக்காரரும் அதையேதான் சொல்வார்.

விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். அதில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே தடைப்பட்டியல்காரர்கள் போட்டுவைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். ஒரு முறை மாட்டினால் உங்கள் டொமைன் மொத்தமும் கெட்டு, நிஜ பார்ட்டிக்குப் போக வேண்டிய டிஓ நகலும் கொட்டேஷனும் சேர்ந்தே ஸ்பேமில் விழும். யாராவது விசிட்டிங் கார்டு கொடுத்தால், அவரைச் சந்தித்த இடத்தைச் சொல்லி ஒரு கடிதம் எழுதலாம் என்பது என் எண்ணம். அதிலேயே ‘வாராந்திர ரேட் அனுப்பலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே கொள்ளுங்கள். ரேட் சர்க்குலரை வேலை நடக்கும் மெயில் ஐடியிலிருந்து அனுப்பாமல் தனி ஐடியிலிருந்து அனுப்புங்கள். பலருக்குச் சேர்த்து அனுப்பும்போது ‘பிசிசி’, மறந்தும் ‘சிசி’ இல்லை.

‘என்னை நீக்குங்கள்’ என்று யாராவது எழுதினால் அன்றே நீக்குங்கள். நீக்கியவர்களுக்கென்று தனியாக ஒரு பட்டியலும் வைத்திருங்கள். சர்க்குலர் போடும் ஆள் வேலையை விட்டுப் போவார், அடுத்து வருபவர் டெஸ்க்டாப்பில் கிடக்கும் போன வருட எக்செல் ஷீட்டைத் திறந்து, அதில் இருக்கும் எல்லோருக்கும் மறுபடி அனுப்பிவிடுவார்.